ஊசி மீது பழி போடும் ஊர்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் தையல் லைனில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் ஒருத்தி சூப்பர்வைசரைப் பற்றி வாய் திறந்துவிட்டால் ஊர் எடுத்துவிடும் பழமொழி ஒன்று உண்டு: ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையுமா? விசாரணைக்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. இதைவிடக் கொடிய அநியாயம் வேறில்லை.

"அவர் தப்பான எண்ணத்தில் தொடவில்லை, வேலையைப் பார்க்கத்தான் பின்னால் வந்து நின்றார்" என்பது அடுத்த வாதம். சென்னையில் ஒரு தகவல் தொழில்நுட்ப நிறுவன அதிகாரியும் தன் மீதான புகாருக்கு இதையேதான் பதிலாகச் சொன்னார். தொழிலாளர் நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்தது. 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.என். மஞ்சுளா அந்த உத்தரவை ரத்து செய்தார். செய்தவரின் உள்நோக்கத்தைவிட, அந்தச் செயல் அதற்கு ஆளான பெண்ணுக்கு எப்படித் தோன்றியது என்பதே முக்கியம் என்றது தீர்ப்பு. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் அவள் விரும்பாத நடத்தையைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறது. தொட்டால்தான் குற்றம் என்றும் இல்லை. பீஸ் எண்ணிக்கை குறைந்ததற்காக லைனில் எல்லோர் முன்னாலும் ஆபாசமாகத் திட்டுவதும் அதில் அடங்கும்.

"நடந்த அன்றே ஏன் சொல்லவில்லை?" இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. சொன்னால் அண்ணனோ புருஷனோ முதலில் செய்வது வேலையை நிறுத்துவதுதான். கல்யாணமாகாத பெண் என்றால் பேச்சு தெரு முழுக்கப் பரவும். சீட்டுப் பணமும் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸும் அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகின்றன. இத்தனையையும் யோசித்து அவள் வாய் திறக்க நாளாகும். சட்டம் அதை உணர்ந்தே மூன்று மாத அவகாசம் தருகிறது. தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம். எழுதத் தெரியாதவர் என்றால் புகாரை எழுத்தில் கொண்டுவர உதவுவது, புகாரை விசாரிக்கும் குழுவின் கடமை.

பொய்ப் புகார் என்ற பேச்சும் உண்டு. நிரூபிக்க முடியாமல் போவது வேறு, பொய் சொல்வது வேறு. ஆதாரம் போதவில்லை என்பதற்காக மட்டும் அவள் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

கான்ட்ராக்ட் ஆளுக்கு இந்தச் சட்டம் கிடையாது, கேட்டுக்கு வெளியே நடந்தால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்பவை இரண்டும் தவறு. தினக்கூலிக்கும் உண்டு, கம்பெனி அனுப்பும் வேனும் பணியிடம்தான்.

"முதலாளியே அந்த ஆள் பக்கம், யாரிடம் போவது?" என்ற தயக்கம் நியாயமானது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியாள் ஒருவர். புகார் முதலாளி மீதே என்றாலோ, பத்துப் பேருக்குக் குறைவான சின்னப் பட்டறை என்றாலோ, மாவட்ட உள்ளூர் குழுவிடம் போகலாம். கலவையிலிருந்து மாவட்டத் தலைநகரான ராணிப்பேட்டை வரை அலைய வேண்டிய அவசியமும் இல்லை. தாலுகாதோறும் புகார் வாங்கி, ஏழு நாளுக்குள் அந்தக் குழுவுக்கு அனுப்ப ஓர் அலுவலரை நியமிக்கச் சொல்கிறது சட்டம். கலவையும் தாலுகாதான்.

ஆனால் காகிதத்தில் குழு இருந்தால் மட்டும் போதாது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஒரு ஆயத்த ஆடை ஆலையின் இளம் தொழிலாளி கொல்லப்பட்டாள். அவளது சூப்பர்வைசர் கைதானார். அதன்பின் பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் நிர்வாகத்தோடும் எச் அண்ட் எம் பிராண்டோடும் திண்டுக்கல் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. அதன்படி லைனில் வேலை பார்க்கும் பெண்களே தொல்லையைக் கண்காணிக்கப் பயிற்சி பெற்றார்கள். நம் பக்கத்து ஷூவும் வெளிநாட்டு பிராண்டுகளுக்குத்தான் போகிறது. திண்டுக்கல்லில் முடிந்தது ஆம்பூரிலும் முடியும்.

உள்ளகக் குழுவை அமைத்த உத்தரவைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவைக்க வேண்டும். நாளைக்கு வேலைக்குப் போனதும் அது எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இல்லையென்றால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். பெண்கள் உதவி எண் 181.