சுருக்கில் சிக்கிய பன்றி

கேள்வி: வாழைத்தோட்டத்தில் காட்டுப்பன்றி சுருக்கில் மாட்டிக் குற்றுயிராகக் கிடந்தால், அடித்து வேதனையைத் தீர்ப்பது தப்பா?
– வாசகர், மார்க்கையன்கோட்டை

பதில்: உங்கள் இரக்கம் நியாயம்தான், வழிதான் பிசகு. கிளட்ச் ஒயர் சுருக்கு, பன்றி இழுக்க இழுக்க இறுகிச் சதையை அறுக்கும். ஆள் நெருங்கினால் இன்னும் மூர்க்கமாக இழுக்கும். கனத்த மண்டையும் தடித்த கழுத்தும் உள்ள விலங்கு, தடியடிக்கு லேசில் சாகாது. ஒயர் அறுந்தால் கோரைப்பல் உங்கள் தொடையைக் கிழிக்கும். ஆக, வேதனை தீராது, நீளும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமோ காயப்படுத்துவதையும் வேட்டை என்றே சொல்கிறது. உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு கொன்றால் குற்றமில்லை. அப்போதும் உடல் அரசுக்குத்தான் சொந்தம். (கறிக்குக் காத்திருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் இதைச் சொல்லிவையுங்கள்.)

வனத்துறைக்குச் சொல்வதுதான் சரியான வழி. அவர்கள் வந்துசேர நேரமாகுமே என்பீர்கள். அது குறைதான். ஆனால் அதுவரை நாய்களைக் கட்டி, கூட்டத்தை விலக்கி, சத்தத்தை அடக்கினாலே திமிறல் குறையும். பிழைக்குமா என்பதைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். கேரளத்தில் சுடுகிறார்களே என்றால், அங்கே 2022 முதல் உள்ளாட்சித் தலைவர் அனுமதித்தாலும் சுடுபவர் துப்பாக்கி உரிமம் உள்ளவர். இங்கே 2025 ஜனவரியில் அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடுவது வனத்துறையினரின் வேலை. மின்வேலியில் அடிபட்டுக் கிடந்தால் மட்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.