நீர்மூழ்கி மோட்டாருக்கு நைலான் கயிறா, கம்பி வடமா?

கமலை இறைத்த காலத்தில் வடக்கயிறு அறுந்தால் சால் கிணற்றில் விழும்; ஆள் இறங்கி எடுத்துவிடலாம். இன்று ஆழ்துளைக் கிணற்றில் கயிறு அறுந்தால் மோட்டாருடன் கிணறே வீணாகிவிடக்கூடும். விருதுநகர் மாவட்டத்தில் நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரையும் ஆழத்தில் இறக்க வேண்டியுள்ளது. எனவே, தாங்கும் கயிற்றை ஆராய்ந்து வாங்குதல் அவசியம்.

பளுவைக் கணக்கிடுதல்

40 மி.மீ. உட்குறுக்களவுள்ள குழாயில் மீட்டருக்கு 1¼ லிட்டர் தண்ணீர் நிற்கும். நீர்மட்டம் 80 மீட்டரில் இருந்தால், அதற்கு மேலுள்ள குழாய்த் தண்ணீர் மட்டும் 100 கிலோ. மோட்டார் 40 கிலோ, குழாயும் மின்வயரும் 100 கிலோ எனக் கொண்டால் மொத்தம் 240 கிலோ ஆகும்.

நைலான் கயிற்றில், அது அறுபடும் பளுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமத்தலாகாது. நனைந்தால் நைலான் வலுக் குறையும். முடிச்சிட்டால் பாதி வலு போய்விடவும் கூடும். இக்கணக்கின்படி 12 மி.மீ. கயிறு தேவை. கம்பி வடத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமத்தலாம், 6 மி.மீ. வடமே போதும்.

நைலான் கயிறு

துருப்பிடிக்காது, உப்புத் தண்ணீருக்கு ஏற்றது, கைக்கு இதமானது. ஆனால் பளு ஏறினால் நீளும். 100 மீட்டர் ஆழத்தில் சில மீட்டர் கூட நீளலாம். அப்போது பளு முழுவதும் பிளாஸ்டிக் குழாயின் மேல் விழுகிறது. கயிறு இருந்தும் பயனில்லை. கிணற்றுக்கு வெளியே வெயில் படும் பகுதி நாளடைவில் இற்றுவிடும். அப்பகுதியைப் பழைய குழாய்த்துண்டால் மூடுங்கள்.

கம்பி வடம்

நீளாது; பளுவைத் தானே தாங்கும். ஆனால் உவர் நீரில் துத்தநாகப் பூச்சு கரைந்து, பிரிகளுக்குள்ளே துரு ஏறும். மோட்டார் ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் குழாய் சற்றுத் திருகுவதால், வடம் மின்வயரில் உரசித் தோலை அறுக்கக்கூடும். அவ்வாறாயின் வடம் முழுவதும் மின்சாரம் பாயும். தொட்டவர் உயிருக்கே ஆபத்து.

எதைத் தேர்ந்தெடுப்பது?

1. மரையிட்ட இரும்புக் குழாயே பளுவைத் தாங்கும் இடத்தில் கயிறு வெறும் காப்புதான். அங்கு நைலான் போதும்.

2. அடிக்கடி மோட்டாரைத் தூக்கும் திறந்த கிணற்றுக்கும் நைலானே வசதி.

3. நீண்ட பிளாஸ்டிக் குழாயில் ஆழமாகத் தொங்கும் மோட்டாருக்குக் கம்பி வடம் தேவை.

4. அங்குத் தண்ணீர் உவராக இருந்தால் துருப்பிடிக்காத எஃகு வடமோ, குறைவாக நீளும் பாலியெஸ்டர் கயிறோ வாங்கலாம்.

கவனிக்க வேண்டியவை

வடத்தை மடக்கும் வளையத்தினுள் உலோகத் தொட்டில் வைத்து, மூன்று கிளாம்புகள் போடுங்கள். கிளாம்பின் வளைந்த கம்பி வடத்தின் குட்டை முனைமீதும், அடிக்கட்டை பளு தாங்கும் பக்கத்திலும் அமைய வேண்டும். பளு ஏற்றிய பின் மீண்டும் ஒருமுறை முடுக்குங்கள். மின்வயரைக் குழாயின் ஒரு பக்கமும் வடத்தை எதிர்ப்பக்கமும் கட்டுங்கள். மின்வயர் எந்நிலையிலும் பளுவைத் தாங்கலாகாது. வடத்தையும் எர்த்துடன் இணையுங்கள்.

மோட்டாரை வெளியே எடுக்கும்போதெல்லாம் முழு நீளத்தையும் பாருங்கள். கம்பி முறிந்திருந்தாலும், நைலான் இழை நைந்திருந்தாலும் ஒட்டுப் போடாமல் மாற்றிவிடுங்கள். கிணற்றில் கை வைக்கும் முன் மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸ் கட்டைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கயிற்றில் மிச்சம் பிடிக்கும் பணம் மோட்டாரை மீட்க உதவாது. கிணற்றுக்கு ஏற்ற கயிற்றை வாங்கி, மோட்டாரையும் உயிரையும் காத்துக்கொள்வீர்களாக.