செமோர் மலைப் பல்லியும் மரபணு எழுத்தும்

ஈப்போவிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில் செமோரை அணுகும்போது, வெண்பாறை முகத்துடன் ஒரு சுண்ணாம்புக் குன்று கண்ணிற்படும். அதுவே குனோங் கந்தான். அதன் பெரும்பகுதி சிமெந்துக்காகப் பல்லாண்டுகளாக வெட்டப்பட்டு வருகிறது. எஞ்சிய பகுதியில் காடும் குகைகளும் உள்ளன. அங்கு வாழும் ஒரு பல்லி, 2014ஆம் ஆண்டில் புதிய இனமென உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் லா சியரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உயிரியல் அறிஞர் லீ கிரிஸ்மரும் நம் நாட்டு ஆய்வாளர்களும் அதற்குச் சிர்ட்டோடாக்டிலஸ் குவாகந்தானென்சிஸ் எனப் பெயரிட்டனர். நாவுக்கு எளிதில் அடங்காத பெயர்தான். ஆனால் அதனுள் 'குவா கந்தான்', அதாவது கந்தான் குகை, இருப்பதைக் காணலாம்.

நம் லயத்து வீடுகளின் சுவரில் ஓடும் பல்லிக்கு விரலடியில் ஒட்டும் தகடுகள் உண்டு. ஆதலால் அது கண்ணாடியிலும் ஏறும். மலைப்பல்லிக்கு அத்தகடுகள் இல்லை. வளைந்த விரல்களாலும் கூரிய நகங்களாலும் பாறையைப் பற்றி ஏறும். பகலில் பிளவுகளில் ஒளிந்து இரவில் இரை தேடும். ஆகவே, விடியுமுன் நெற்றியில் விளக்குக் கட்டிப் பால் வெட்டச் சென்ற நம் முன்னோரைப் போன்று, ஆய்வாளரும் நெற்றி விளக்குடனேயே இத்தகைய பல்லிகளைத் தேடுகின்றனர்.

ஆயினும், காட்டுப் பல்லிகள் பல ஒன்றையொன்று ஒத்திருக்கும். உருவத்தைக் கொண்டு மட்டும் இது வேறினம் என்று துணிவது எங்ஙனம்? இங்கேதான் மரபணு துணை செய்கிறது.

ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் ரப்பர் வகையை நாம் அறிவோம். அவ்வகை மரங்கள் யாவும் ஒரே தாய்மரத்தின் மொட்டை ஒட்டி வளர்த்தவை. எனவே அவற்றின் மரபணு எழுத்துகள் ஒன்றே போன்றவை. (வேர்ப்பகுதி மட்டும் வேறு விதையின் பிள்ளை.) விதையிலிருந்து தானே முளைத்த கன்றுகளோ ஒன்றுக்கொன்று வேறுபடும். விலங்குகளும் அவ்வாறே.

இவ்வேறுபாடு காலப்போக்கில் பெருகுவது எவ்வாறு என்பதற்கு ஓலைச்சுவடியை எண்ணிப் பார்க்கலாம். சுவடியைப் படியெடுப்பவர் ஓரெழுத்தைப் பிசகாக எழுதினால், அதைப் பார்த்து எழுதுவோரும் அப்பிசகையே எழுதுவர். பிசகுகளை ஒப்பிட்டே, எச்சுவடி எதனோடு நெருங்கியது என்று தமிழறிஞர் கண்டனர். உயிரினத்திலும் தலைமுறைதோறும் மரபணு படியெடுக்கப்படுகிறது. அரிதாகப் பிசகும் நேர்கிறது. இரு கூட்டங்கள் பிரிந்து, தம்முள் கலவாமல் நெடுங்காலம் வாழ்ந்தால், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பிசகுகள் சேரும். கிரிஸ்மர் குழுவினர் தாய்வழியே மட்டும் வரும் ஒரு மரபணுவை எடுத்து, ஜொகூரிலும் திரெங்கானுவின் தெபு மலையிலும் வாழும் உறவினப் பல்லிகளோடு ஒப்பிட்டனர். கந்தான் பல்லி அவ்வுறவுக் கூட்டத்தில் ஒரு தனிக் கிளை என்பது புலனாயிற்று.

பல்லி மட்டுமன்று. கந்தான் குகையில் ஒரு சிலந்தி உண்டு. பட்டு இழையால் கூடு கட்டி, அதற்குக் கதவும் அமைத்து, வாசலில் இழைகளை நீட்டி வைத்திருக்கும். பூச்சி இழையை மிதித்ததும் கதவைத் திறந்து பாயும். இச்சிலந்தியின் மூதாதை மரபு ஏறத்தாழ 30 கோடி ஆண்டுத் தொன்மை உடையது. நியூயார்க்கு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நார்மன் பிளாட்னிக் 1997இல் இதற்கு லிபிஸ்டியஸ் கந்தான் எனப் பெயரிட்டார். தைப்பூசத்தன்று நாம் ஏறும் பத்துமலையின் குகையில் இதன் உறவினம் ஒன்று, லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ், வாழ்கிறது. ஒவ்வொரு குன்றும் அவற்றுக்கு ஒரு தீவு. நடுவிலுள்ள சமவெளியே கடல்.

சிமெந்து வேண்டாம் என்று நாம் கூறவில்லை. நாம் குடியேறிய கல்வீடுகளுக்கும் அதுவே ஆதாரம். ஆயினும் எங்கே வெட்டுவது என்பதில் தேர்வு உண்டு. ஓரினம் அழிந்தபின் அதற்குத் தேர்வில்லை.

இதனை உணர்த்தவே போலும், அதே 2014இல் அறிஞர் இருவர் இம்மலையின் சின்னஞ்சிறு நத்தை ஒன்றுக்கு, அப்போது அங்குக் கல் வெட்டிய லஃபார்ஜ் நிறுவனத்தின் பெயரையே சூட்டினர். 2019இல் அந்நிறுவனத்தின் மலேசியப் பங்குகள் ஒய்.டி.எல். வசமாயின. நத்தையின் பெயர் மாறவில்லை. சில மில்லிமீட்டர் அளவேயுள்ள அந்த ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டும். அது குன்றிலே நிறைய உண்டு. ரப்பருக்கும் செம்பனைக்கும் ஏற்ற நம் தோட்டத்து மண்ணோ புளிப்பானது, சுண்ணாம்பு குறைந்தது. பாறை வெட்டப்படும்போது நத்தை அடுத்த குன்றுக்கு ஊர்ந்து சென்று தப்பலாம் என்று எண்ணுவோர், இடையிலுள்ள அம்மண்ணைக் கணக்கில் கொள்வதில்லை.