கடலில் பிறந்து காவிரிக்கு வரும் விலாங்கு

இருதரப்புக்கும் நல்லவராக நடிப்பவரை, "பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு" என்று நம் மக்கள் பழிப்பதுண்டு. விலங்கியல் மாணவன் என்ற முறையில் நான் விலாங்கின் பக்கம் நின்று வாதாட விரும்புகிறேன். அது தலைமுதல் வால்வரை மீனே!

பாம்புக்கு நுரையீரல் உண்டு. விலாங்கு செவுள்களால் சுவாசிக்கிறது. தலையை அடுத்து இரு சிறு துடுப்புகள் உள்ளன. முதுகு, வால், அடிப்புறத் துடுப்புகள் மூன்றும் ஒன்றாக இணைந்து நீண்ட விளிம்பாகத் தோன்றும். செதில்கள் மிகச் சிறியவை. தோலுள் புதைந்திருப்பதால் உடல் வழவழப்பாக இருக்கிறது. ஈரத்தோல் வழியாகவும் சுவாசிக்க வல்லதாகையால், இரவில் ஈரத் தரையில் சிறிது தூரம் ஊர்ந்து செல்லவும் இயலும்.

நம் காவிரியில் வாழும் விலாங்கின் அறிவியற் பெயர் ஆங்குவில்லா பெங்காலென்சிஸ். பகலில் பாறை இடுக்கிலும் சேற்றிலும் பதுங்கி, இரவில் இரை தேடும். ஒரு மீட்டருக்கு மேலும் வளரும்.

இதன் பிறப்பு நெடுங்காலம் புதிராகவே இருந்தது. சேற்றிலிருந்து தோன்றுகிறது என்றார் அரிஸ்டாட்டில். உளவியல் அறிஞர் சிக்மண்ட் பிராய்ட், 1876-இல் மாணவராக இருந்தபோது, ஆண் உறுப்பைத் தேடி ஏறத்தாழ 400 விலாங்குகளை அறுத்துப் பார்த்தார்! டென்மார்க்கைச் சேர்ந்த யோகானஸ் ஷ்மிட் 1904 முதல் கடலில் தேடி, ஐரோப்பிய விலாங்கு சர்காசோ கடலில் பிறக்கிறது என 1922-இல் அறிவித்தார்.

நம் விலாங்கும் கடலில் பிறப்பதே. இலைபோல் தட்டையான இளவுயிரி நீரோட்டத்தில் மிதந்து வந்து, கரையருகே கண்ணாடிபோன்ற சிறு விலாங்காக மாறி, ஆற்றில் ஏறுகிறது. பல்லாண்டுகள் நன்னீரில் வளர்ந்தபின் மீண்டும் கடலுக்குச் செல்கிறது. அப்பயணத்தில் உணவு உண்பதில்லை, கண்கள் பெரிதாகின்றன. ஒருமுறை முட்டையிட்டதும் உயிர் துறக்கிறது.

திருவரங்கத்தை அணைத்தோடும் கொள்ளிடத்தின் வழியே இம்மீன் வர வேண்டுமாயின், அணைக்கரையிலுள்ள கீழணையைக் கடந்தாக வேண்டும். மேலே செல்ல முக்கொம்பு அணை. அதற்கும் மேலே 1934-இல் முடிந்த மேட்டூர் அணை. ஈரச் சுவரில் குஞ்சுகள் ஏறக்கூடும். வறண்ட மணலில் என் செய்யும்?

அணைகள் நமக்குச் சோறிடுபவை. அவற்றை நான் குறை கூறவில்லை. ஆனால், கடலில் கலக்கும் ஆற்றுநீர் அனைத்தும் வீண் என்று பேசுவோர் விலாங்கை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நீரே அதன் பாதை. பாதை அறுந்தால் குலமும் அறுந்துபோகும் அன்றோ!