ஏலமும் நடுவுநிலைமையும்

திருத்தணி மலைக்கு ஏறும் படிகள் 365. படிவழி ஏறுவார் செல்வராயினும் வறியராயினும் அவர்க்குப் படிகள் ஒன்றே. விளையாட்டிலும் இத்தகைய பொதுவளவு வேண்டும் என்பதே ஊதிய வரம்பின் நோக்கம்.

ஐ.பி.எல். எனப்படும் கிரிக்கெட் பந்தயம் 2008ஆம் ஆண்டு தொடங்கியது. எட்டு அணிகளும் ஏலத்தின் வாயிலாக வீரரைப் பெற்றன. ஒவ்வோர் அணியும் செலவிடத்தக்க தொகை 50 இலட்சம் டாலர் என வரையறுக்கப்பட்டது. சென்னை அணி அதில் 15 இலட்சத்தைத் தோனி ஒருவர்க்கே அளித்தது; ஏனையோர்க்கு எஞ்சியதே பங்காயிற்று. 2024 நவம்பரில் நிகழ்ந்த ஏலத்தில் வரம்பு 120 கோடி ரூபாய். ரிஷப் பண்டின் விலை 27 கோடி. மிகக் குறைந்த தொடக்க விலை 30 இலட்சம்.

பொருள்வளம் மிக்க ஓர் அணியே சிறந்த வீரரனைவரையும் திரட்டிக்கொள்வதை இவ்வரம்பு தடுக்கின்றது; அதனால் போட்டி சுவை பெறுகின்றது. ஆயினும் மறுபுறத்தையும் நோக்குதல் கடன். ஏலத்தில் வீரர் தமக்குரிய அணியைத் தாமே தெரிந்துகொள்ள இயலாது. மேலும், வரம்பு அணிகளின் செலவைக் கட்டுப்படுத்துகின்றதே யன்றி வருவாயைக் கட்டுப்படுத்துவதில்லை. வருவாய் பெருகியும் வரம்பு உயராதாயின், இழப்பு உழைப்பவர்க்கே ஆகும்.

ஆகவே, அணிக்கும் அணிக்கும் இடையே சமன் காணும் தராசு, அணிக்கும் வீரர்க்கும் இடையேயும் ஒருபால் சாயாது நிற்றல் வேண்டும். அதுவே நடுவுநிலைமை.