பிதுரார்ஜிதமும் மனநிம்மதியும்

தகப்பனார் வீடு வைத்துவிட்டுப் போயிருக்கிறார், இனிப் பிள்ளைகளுக்குப் பணக்கவலை ஏது என்று ஊரார் பேசுவது சர்வசாதாரணம். ஆனால் பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே கிடக்க, வாரிசுகள் நால்வரில் ஒருவர் பம்பாயிலும் இன்னொருவர் தீராத மனஸ்தாபத்திலும் இருக்க, பிரிபடாத கால் பங்கைத் தனியே ஈடாக ஏற்க வங்கி தயங்குவதால், ஜூன் மாதத்துப் பள்ளிக் கட்டணத்துக்காக மனைவியின் வளையலை எடுத்துக்கொண்டு அடகுக் கடைப் படியேறும் பாத்தியஸ்தன் அந்த ஊராரின் கண்ணில் படுவதில்லை. போதாக்குறைக்கு, மனையின் மதிப்பு ஏற ஏறச் சகோதரர்களுக்குள் விட்டுக்கொடுக்கும் மனம் குறைவதால், விலையேற்றமே விசாரத்தையும் ஏற்றிவிடுகிறது.

சீர்வரிசையோடு பெண்ணின் பாத்தியதை தீர்ந்தது என்பது இதைவிடப் பொல்லாத நம்பிக்கை. இந்துக் குடும்பங்களின் பிதுரார்ஜித சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989 முதலே, அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்கு மட்டும், சட்டம் செய்தது. 2005-ஆம் வருஷத்து மத்தியச் சட்டத் திருத்தம் அந்தப் பேதத்தை அகற்றியது. அத்திருத்தத்துக்கு முன்பே தந்தை காலமாகியிருப்பினும் உரிமை உண்டென்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இதை அறியாமல், வீடு முழுதும் தனக்கே என்று எண்ணிக் கடன் வாங்கி மாடி எழுப்பிய அண்ணன், விற்பனைப் பத்திரத்தில் தங்கையின் கையெழுத்து வேண்டும் என்று எழுத்தர் சொல்லும் நாளில், வட்டியையும் வழக்கையும் சேர்த்தே சுமக்கிறான். குற்றம் தங்கையின் மேல் விழுவதுதான் விசித்திரம்.

தகப்பன் பட்ட கடன் பிள்ளையின் தலையில் என்பதும் முழு உண்மையன்று. பெற்ற சொத்தின் அளவுக்கே வாரிசு பொறுப்பாளி; பிள்ளை தானே ஜாமீன் கையெழுத்திட்டிருந்தால் சங்கதி வேறு.

இருக்கும்போதே எழுதிக்கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று நினைத்து, இருந்த ஒரே வீட்டையும் தான செட்டில்மென்ட் செய்துவிட்டு, மாத்திரைக்கும் மகனிடம் கையேந்தும் தாய்மார்கள் பலர். பாரம் இறங்கவில்லை, தோள் மாறியது. பராமரிக்கத் தவறினால் பத்திரத்தை ரத்துசெய்ய 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவு வழிவிடுகிறது என்றாலும், பராமரிப்பு ஷரத்தையும் ஆயுட்கால அனுபவ பாத்தியதையையும் பத்திரத்திலேயே எழுதிவைப்பது க்ஷேமம். உயிலோ, எழுதியவர் கண்மூடும்வரை அமலுக்கு வராது. அதுவரை எத்தனை தரம் வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்றலாம் என்பது தெரிந்த வீடுகளில் பாட்டிக்குக் காப்பி வேளைக்கு வருகிறது என்று பத்திர எழுத்தர்கள் சொல்லிச் சிரிப்பதும் உண்டு.