எந்த நாட்டு பேஸ் வாங்குவது?

அன்புள்ள தங்கைக்கு,

கல்லூரியின் டபுள் பேஸை இனி வீட்டுக்கு எடுத்துப்போக விடமாட்டார்கள், சொந்தமாக ஒன்று வாங்கியே ஆகவேண்டும் என்று எழுதியிருந்தாய். இருக்கும் பணத்துக்கு லாமினேட்டட் பேஸ்தான் கட்டுப்படியாகும். அதிலும் ஜெர்மனியா, ருமேனியாவா, சீனாவா, பழைய அமெரிக்க ‘கே’யா என்பது உன் கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேர் சொல்லும் பட்டறையில் செய்த சீன பேஸ் ஒன்றை வாங்கு. பணத்தில் கால்பங்கைத் தொடாமல் செட்டப்புக்கு எடுத்து வை. இதே கேள்வியோடு இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

பலாக்கட்டையில் ஏகாண்ட வீணை குடையும் ஊர்க்காரர்கள் நாம். ஒட்டுப்பலகை என்றாலே நமக்கு மனம் ஒப்பாது. உன் ஆசிரியரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் லாமினேட்டட் பேஸை மட்டமான பேஸ் என்று ஒதுக்குவது சரியில்லை. மெல்லிய மரத்தகடுகளை, ஒன்றின் ரேகை மற்றதற்குக் குறுக்கே ஓடும்படி பசை தடவி அடுக்கி, சூடான அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். வளைவு அழுத்தத்திலேயே வந்துவிடுகிறது. செதுக்கிய பேஸிலோ தடித்த ஸ்ப்ரூஸ் பலகையைக் குடைந்து குடைந்து அந்த வளைவைக் கொண்டுவர வேண்டும். அதனால்தான் விலையில் அவ்வளவு வித்தியாசம். ரேகைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டிக்கொண்டிருப்பதால் ஈரம் ஏறி இறங்கும்போது பலகை பிளப்பதில்லை. ஐப்பசி மழையில் ஆட்டோவில் ஏற்றிப்போய் ஏசி அரங்கில் இறக்கி வாசிக்கப் போகிறவளுக்கு இது சாதாரண விஷயமில்லை.

குறையையும் மறைக்கக்கூடாது. வில் போட்டால் லாமினேட்டட் பலகை மெதுவாகத்தான் பேசும். மேல் ஸ்தாயியில் குரல் அடைத்தாற்போல இருக்கும். இசைக்குழுவில் சேர்வதுதான் உன் ஒரே இலக்கு என்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்து, மேற்பலகை மட்டும் செதுக்கிய ஹைப்ரிட் வகைக்குப் போ. ஜாஸ், நாட்டுப்பாடல், மேடைக் கச்சேரி என்று விரலால் வாசிப்பதுதான் அதிகம் என்றால், தட்டினாற்போல் எழுந்து சட்டென்று அடங்கும் இந்த ஒலியே உனக்கு வேண்டியது. 1954-ல் மெம்ஃபிஸின் சன் ஸ்டுடியோவில் எல்விஸ் பிரெஸ்லிக்குப் பின்னால் பில் பிளாக் வாசித்தது ப்ளைவுட் ‘கே’ பேஸ். அது இப்போது பால் மெக்கார்ட்னியிடம் இருக்கிறது.

அந்தக் ‘கே’ பேஸிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சிகாகோவின் கே நிறுவனம் 1937-லிருந்து 1960-களின் இறுதிவரை பள்ளிகளுக்கும் நடனக் குழுக்களுக்கும் லாமினேட்டட் பேஸ் செய்து தள்ளியது. நிறுவனம் மூடிய பிறகு ஏங்கல்ஹார்ட் என்ற நிறுவனம் அதே வடிவங்களைத் தொடர்ந்தது. கிளீவ்லாந்தில் செய்த ‘அமெரிக்கன் ஸ்டாண்டர்ட்’ பேஸ்களுக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு. இவை நல்ல வாத்தியங்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பழைய ‘கே’க்குக் கழுத்துதான் பலவீனம். கழுத்து உடம்போடு சேரும் குதிகாலில் பழைய முறிவும் உள்ளே ஆணிபோல் இறக்கிய மரமுளையும் இருக்கின்றனவா என்று பார்க்காமல் வாங்கவே கூடாது. அங்கே ஒன்றை வாங்கிக் கடல் தாண்டிக் கொண்டுவரும் செலவில் இங்கே இரண்டு வாங்கலாம். மேற்படிப்புக்கு அமெரிக்கா போனால் முதலில் பழைய ‘கே’யைத் தேடு. இப்போது வேண்டாம்.

ஜெர்மனி என்ற பெயரில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். இன்றைய செக் நாட்டின் பொஹீமியாவில் ஷோன்பாக் என்றொரு ஊர். வீட்டுக்கு வீடு வாத்தியம் செய்தார்கள். ஒரு வீட்டில் கழுத்து, இன்னொரு வீட்டில் உடம்பு என்று வேலை பிரிந்திருக்கும். சேர்த்து வாங்கும் வியாபாரி தன் லேபிளை ஒட்டி விற்பார். அப்படியொரு வியாபாரியான ஜான் ஜூசெக்கின் லேபிளில் ‘பிராக் நகர வயலின் கலைஞர்’ என்றிருந்தாலும் வாத்தியங்கள் வந்தது ஷோன்பாக் பக்கத்துப் பட்டறைகளிலிருந்துதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கிருந்த ஜெர்மன் மொழிக்காரர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பலர் பவேரியாவில் புபென்ரொய்த் என்ற சிற்றூரில் குடியேறி அதே தொழிலைத் தொடங்கினார்கள். பழைய ஊருக்கு லூபி என்று பெயர் மாறியது. அங்கே நின்றவர்களும் செக் நாட்டு ஆலையில் வாத்தியம் செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஒரே கைப்பழக்கம், நடுவில் ஓர் எல்லைக்கோடு. ஒரு பக்கத்துக்கு விலை அதிகம், மறுபக்கத்துக்குக் குறைவு. இதைத் தெரிந்துகொண்டால் லேபிளில் உள்ள நாட்டின் பெயருக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பது தானாக விளங்கும்.

இன்றும் வார்னிஷ் பூசாத வெள்ளை உடம்பை ஒரு நாட்டில் செய்து, இன்னொரு நாட்டில் வார்னிஷும் செட்டப்பும் முடித்து விற்பது நடக்கிறது. இது மோசடி இல்லை. ஆனால் உடம்பு எங்கே செய்தது, வேலை எங்கே முடிந்தது என்று விற்பவரிடம் தனித்தனியாகக் கேள். நேர்மையான வியாபாரி தயங்காமல் சொல்வார்.

ருமேனியா என்றால் ரெகின். கார்பாத்திய மலையின் ஸ்ப்ரூஸும் மேப்பிளும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள ஊர். 1951-லிருந்து வாத்திய ஆலை இருக்கிறது. கம்யூனிச ஆட்சி போன பிறகு தனியார் பட்டறைகளும் எழுந்தன. நான் தொட்டுப் பார்த்த ரெகின் பேஸ்களில் மரம் நன்றாக இருந்தது, கட்டு உறுதியாக இருந்தது. விலை குறைந்தவற்றில் மெருகு தடித்துப்போய், நுணுக்க வேலை முரடாக இருந்தது. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு நல்ல பேரம்.

சீனாவைப் பற்றிக் கேட்கும்போதுதான் எல்லோரும் குரலைத் தாழ்த்துகிறார்கள். தாழ்த்த வேண்டியதில்லை. சாமுவேல் ஷென், ஈஸ்ட்மன், கிறிஸ்டோபர் என்ற பெயர்களில் வருபவை ஒழுங்கான பட்டறை வேலை. ஷென்னின் எஸ்பி 80 லாமினேட்டட் வகை அமெரிக்காவில் மாணவர்களிடமும் மேடைக்காரர்களிடமும் சாதாரணமாகக் காணக்கிடைப்பது. அதே சீனாவிலிருந்துதான் ஊர் பேர் தெரியாத பேஸ்களும் வருகின்றன. ஒரே பெட்டி, கடைக்குக் கடை வேறு பெயர். பிரிட்ஜை மேற்பலகையின் வளைவுக்குச் செதுக்கிப் பொருத்தியிருக்கமாட்டார்கள். ஏதோ ஒரு மெதுமரத்துக்குக் கறுப்பு மை பூசி ஃபிங்கர்போர்டு என்று வைத்திருப்பார்கள். ஒரு நல்ல சீன பேஸுக்கும் ஒரு மோசமான சீன பேஸுக்கும் உள்ள தூரம், நல்ல சீன பேஸுக்கும் நல்ல ஜெர்மன் பேஸுக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரிது. ஆகவே நாட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு வாத்தியத்தைப் பார்.

எங்கே பார்ப்பது? ஃபிங்கர்போர்டில் ஆரம்பி. உடம்புக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் நுனியின் அடிப்பக்கத்தில் டார்ச் அடி. அங்கே மை சரியாகப் பூசியிருக்கமாட்டார்கள். வெளிர் மரம் தெரிந்தால் அது கருங்காலி இல்லை. மெதுமரத்தில் கம்பிகள் சீக்கிரமே பள்ளம் போட்டுவிடும், அப்புறம் ஒவ்வொரு ஸ்வரமும் கரகரக்கும். சீவிச் சரிசெய்யலாம். ஆனால் சீவச்சீவ பலகை மெலியும், கடைசியில் மாற்றத்தான் வேண்டும். அந்தச் செலவு உன் பேஸின் விலையில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

அடுத்து எஃப் துளையின் விளிம்பு. லாமினேட்டட் பலகையில் தகடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். ஹைப்ரிட் என்று சொல்லி விற்றால் மேற்பலகையின் விளிம்பில் அடுக்கு தெரியக்கூடாது, மேலே காணும் ரேகை உள்ளேயும் ஒரே மரமாக இறங்கவேண்டும். பிறகு விரல் முட்டியால் ஓரம் நெடுகத் தட்டிக்கொண்டே சுற்றி வா. டொக் டொக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது ஓரிடத்தில் சளசளத்தால் அங்கே மூட்டு விட்டிருக்கிறது. இதற்கு பயப்படாதே. வஜ்ரப் பசையில் ஒட்டிய மூட்டு அழுத்தம் வந்தால் விட்டுக்கொடுத்துப் பலகையைக் காப்பாற்றும், திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். யாராவது கடைப் பசையை ஊற்றி அடைத்திருந்தால்தான் கவலை. சளசளப்பு ஓரத்தில் இல்லாமல் பலகையின் நடுவில் கேட்டால் தகடுகளே பிரிகின்றன என்று அர்த்தம். அந்த பேஸை விட்டுவிடு.

கழுத்தின் கோணத்தையும் பார்த்துவிடு. ஃபிங்கர்போர்டின் முடிவில் ஜி கம்பி சுமார் 6 மில்லிமீட்டர், ஈ கம்பி 9 அல்லது 10 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றால் ஸ்டீல் கம்பிக்கு வசதி. பெட்டியிலிருந்து வரும் பேஸில் அதைவிட மிக உயரமாகத்தான் இருக்கும். பிரிட்ஜைக் குறைத்துச் சரிசெய்ய இடமிருக்கிறதா என்று பார். கோணமே தப்பாக இருந்தால் கழுத்தைக் கழற்றிப் பொருத்தவேண்டும். மலிவு வாத்தியத்துக்கு அந்த வேலை கட்டாது.

கால்பங்குப் பணம் என்று சொன்னேனே, அது இதற்கெல்லாம்தான். பிரிட்ஜ் பொருத்துவது, நட்டைத் தாழ்த்துவது, ஃபிங்கர்போர்டைச் சீவுவது, நல்ல கம்பி மாற்றுவது. நம் ஊரில் வயலின் பழுது பார்ப்பவர்கள் உண்டு, பேஸில் கை பழகியவர்கள் மிகச் சிலர். வாங்குவதற்கு முன்பே அப்படி ஒருவரைப் பேசிவைத்துக்கொள். இன்னொன்று: உள்ளே சவுண்ட் போஸ்ட் என்ற ஸ்ப்ரூஸ் குச்சி பசையில்லாமல் இறுக்கத்தில்தான் நிற்கிறது. பயணத்தில் அது விழுந்திருக்கலாம். பெட்டியைத் திறந்ததும் எஃப் துளை வழியாக உள்ளே பார். குச்சி படுத்துக்கிடந்தால் ஒரு கம்பியைக்கூட முறுக்காதே, மேற்பலகை அமுங்கிவிடும்.

உனக்கு 3/4 அளவுதான் வேண்டும். பெரியவர்களும் பெரும்பாலும் அதைத்தான் வாசிக்கிறார்கள், ‘முழு அளவு’ என்ற விளம்பரத்துக்கு மயங்காதே. ஒன்றைத் தேர்ந்துகொண்டதும் எஃப் துளை விளிம்பு, ஃபிங்கர்போர்டின் அடிப்பக்கம், கழுத்தின் குதிகால் மூன்றையும் வெளிச்சத்தில் படமெடுத்து எனக்கு அனுப்பு. முன்பணம் கொடுப்பதற்கு முன் அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்